மயிலுக்குள் ஒரு மோட்டார்

போனை எடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஹம்சவேணி அக்காவுக்குக் கிடைத்த பாராட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன், அக்கா இன்னமும் காதில் வாங்கவில்லை.

தெற்கு மாசி வீதியில் நூல்கடை மாடியில் 'வேணி துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்கும். அக்காதான் முதலாளி. மொக்கையன் ஆகிய நான் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் என மூன்று பேர். 2003ஆம் வருடம், ஆவணி மாதம், ஊரெல்லாம் கல்யாணமாக இருந்த ஒரு முகூர்த்த நாள். எங்களை மட்டும் யாரும் பந்திக்குக் கூப்பிடவில்லையே என்று நான் வருத்தத்தில் இருந்தபோதுதான் போன் அடித்தது.

"துப்பறியிறவங்களா?" என்றது ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக. "திருப்பரங்குன்றத்துல கல்யாண மண்டபம். மாப்பிள்ளை வீட்டு வைர மோதிரத்தக் காணோம். ரோஷன் அண்ணன் மேல பழியப் போடுறாக. அது எடுக்கல. முகூர்த்தத்துக்குள்ள வந்து கண்டுபிடிச்சுக் குடுங்க."

"நீங்க யாரு பேசுறது?"

அந்தப் பக்கம் இன்னொரு பெண் யாரையோ அதட்டினாள். "தலைய ஆட்டாதம்மா, பூ சரியுது." அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

நான் வார்த்தை மாறாமல் அக்காவிடம் ஒப்பித்தேன். அந்தப் பூ சரிந்த கதை வரைக்கும். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வண்டிய எடு" என்றார்.

எங்கள் வண்டி டி.வி.எஸ். ஐம்பது. பசுமலை ஏற்றத்தில் அது முனகிய முனகலில், இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாமா என்று அக்கா கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

மண்டபத்தில் மேளம் நின்று போயிருந்தது. கல்யாண வீட்டில் மேளம் நின்றால் சனம் மெதுவாகப் பேசும், மெதுவாகப் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். வாசலிலிருந்து உள்ளே போவதற்குள் முக்கால்வாசிக் கதை எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை வெங்கடேஷ்பாபு, கீழவாசல் சௌராஷ்டிர வீட்டுப் பையன். பெண் அலர்மேல்மங்கை, சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகள். காதல். பாபுவுக்கு அம்மா அப்பா இல்லை, வளர்த்தவர் தாய்மாமன் ராஜகுரு. அவர் இந்தக் கல்யாணத்துக்கு வேண்டா வெறுப்பாகத்தான் தலையாட்டியிருந்தார். எங்கேயாவது ஒரு சாக்குக் கிடைக்காதா என்று இருந்தவருக்குச் சாக்கு மூட்டையே கிடைத்துவிட்டது.

நடந்தது இதுதான். மாலை மாற்றும் நேரத்தில் மோதிரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவராமல், ரிமோட் காரில் ஏற்றி மேடைக்கு ஓட்டி வருவதாக ஏற்பாடு. பாபுவின் உயிர்த்தோழன் ரோஷனுக்குக் காஜிமார் தெருவில் ரிமோட் கார் ரிப்பேர் கடை. பாபு ஞாயிற்றுக்கிழமை ரேஸ்களில் ஓட்டுகிற காரைக் கொண்டுவந்து, ரிமோட்டைக் கையில் வைத்து ஓட்டியவன் அவன்தான். கார் மேடைக்கு வராமல் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பாய்ந்து மறைந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தவர்களுக்குக் காரும் இல்லை, மோதிரமும் இல்லை. பின்வாசல் மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

ரோஷன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்திலேயே பட்டு வேட்டியோடு பாபு காவலுக்கு நின்றான், யாரும் நண்பன்மேல் கை வைத்துவிடக் கூடாது என்று. எதிரே ராஜகுரு. அவருடைய இடுப்பு பெல்ட்டில் ரிமோட் செருகியிருந்தது.

அக்காவும் சௌராஷ்டிரம்தான். ராஜகுருவிடம் நேராகப் போய் அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ பேசினார். எனக்குப் புரிந்தது 'போலீஸ்' என்ற ஒரு சொல்தான். பேசி முடித்து ராஜகுரு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னார்:

"அது செத்துப்போன எங்க அக்கா மோதிரம்மா. இம்புட்டு வருசம் பூட்டி வச்சிருந்து இன்னைக்குத்தான் எடுத்தேன். பத்தரைக்கு முகூர்த்தம். அதுக்குள்ள வரலைன்னா இந்தப் பையன் போலீஸ் ஸ்டேசனுக்குப் போறான், நாங்க எங்க வீட்டுக்குப் போறோம்."

மணி பத்து ஆகப் போகிறது.

அக்கா ரோஷனின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கார் எங்கருந்து கெளம்புச்சு?"

அவன் மேடைக்கு எதிரே தரையைக் காட்டினான். வழவழவென்ற மொசைக் தரையில் கறுப்பாக இரண்டு கோடுகள், டயர் தேய்ந்த தடம்.

"எம்புட்டு அழுத்துன?"

"லேசாத்தான்க்கா. முட்டையப் புடிக்கிற மாதிரி. அலங்காநல்லூர் வாடிவாசல்ல இருந்து காளை வந்த மாதிரி பாஞ்சிருச்சு."

"அங்க கொம்புல துண்டு கட்டுவாக, நீங்க முதுகுல வைரத்தக் கட்டிருக்கீக" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் ரசனையே சரியில்லை.

அக்கா தடத்தைக் குனிந்து பார்த்தார். "இந்தக் கார் எப்பவும் இப்படித் தரையத் தேய்க்குமா?"

ரோஷன் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினான். "தேய்க்காதுக்கா. தேய்க்கவே முடியாது. அதுல இருக்கது இருபத்தேழு சுத்து மோட்டார். பச்சப்புள்ள."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

"மோட்டாருக்குள்ள செம்புக் கம்பி சுத்தியிருக்கும். சுத்து குறையக் குறைய வேகம் கூடும், கரன்ட்டையும் கண்டமேனிக்கு இழுக்கும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஸ்பீடு கன்ட்ரோலர்னு ஒரு சின்னப் பெட்டி இருக்குக்கா. நான் ரிமோட்ட எம்புட்டு அழுத்துறனோ அம்புட்டு கரன்ட்ட மட்டும் அது விடும். எல்லாக் கன்ட்ரோலருக்கும் ஒரு வரம்பு உண்டு. இதுக்கு இருபது சுத்து. அதுக்குக் குறைஞ்ச மோட்டார மாட்டுனா தாங்காது, சூடேறித் தூங்கிரும்."

"தூங்குனா?"

"ஆறுற வரைக்கும் எந்திரிக்காது. ஆறுனதும் தானா முழிச்சுக்கிரும்."

"பந்தியில சாப்பிட்ட எங்க சித்தப்பா மாதிரி" என்றேன். இந்த முறை பாபு சிரித்துவிட்டு மாமனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அக்கா எழுந்தார். அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுவார். செருகினார்.

"அண்ணே, இந்தக் கார்ல யாரோ மோட்டார மாத்தியிருக்காக. வேகமான மோட்டார். அத இந்தக் கன்ட்ரோலர் தாங்காது. அப்படின்னா கார் ரொம்ப தூரம் போயிருக்க முடியாது. பின்வாசல், தெரு, போலீஸ் எல்லாத்தையும் விடுங்க. மோதிரம் இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கு."

"யாரு மாத்துனா?" என்றார் ராஜகுரு, ரோஷனை முறைத்தபடி.

"மொதல்ல மோதிரம். அந்தக் காரு பாக்க எப்படி இருந்துச்சு?"

ஆளாளுக்குச் சொன்னார்கள். திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் என்பதால் காரை மயிலாக ஜோடித்திருந்தார்களாம். மரிக்கொழுந்தில் தோகை, சாமந்தியில் உடம்பு, மல்லிகை மொட்டில் கழுத்து. முதுகில் சிவப்பு வெல்வெட் டப்பா. சக்கரம்கூட வெளியே தெரியாதாம்.

பக்கவாட்டுக் கதவைத் தாண்டினால் ஒரு நடை. இடது பக்கம் மணமகள் அறை, கதவு சாத்தியிருந்தது. அடுத்து சீர் வைத்த அறை. நடை முடிகிற இடத்தில் சமையல்கட்டு. சீர் அறையை ஒட்டிய சுவரோரத்தில் அக்கா குந்தி உட்கார்ந்தார். சுவரின் அடியில் கறுப்பாக அப்பியிருந்தது, இரண்டு சாமந்தி இதழும் நசுங்கிக் கிடந்தன.

"கார் கண்ண விட்டு மறைஞ்ச பெறகும் அழுத்திக்கிட்டே இருந்தியா?"

"ஆமாக்கா, பதட்டத்துல முன்னாடி பின்னாடின்னு மாத்தி மாத்தி அழுத்துனேன். கொஞ்ச நேரத்துல சத்தமே இல்ல."

"இங்க முட்டி நின்னுருக்கு. சக்கரம் சுத்தியும் நகர வழியில்லாம சூடேறி இதே இடத்துல தூங்கியிருக்கு. அப்பறம் யாரோ தூக்கியிருக்காக."

சீர் அறை வாசலில் நாற்காலி போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மலையம்மாள், பெண்ணுக்கு அத்தை. சாவிக்கொத்து இடுப்பில், வெற்றிலை வாயில், சந்தேகம் கண்ணில். விடிந்ததிலிருந்து அந்த அறையை விட்டு அவர் நகரவில்லை. மேடையில் நடந்தது எதையும் பார்க்கவும் இல்லை.

"நானும் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. காரு கீரு எதையும் நான் பாக்கல. எங்க சோழவந்தான் ஆளுக அடுத்தவுக பொருளத் தொட மாட்டோம்" என்றார்.

அக்கா அவரோடு வாக்குவாதம் பண்ணாமல் வெற்றிலையைப் பற்றி விசாரித்தார். எந்தக் கொடிக்கால், எப்படி இம்புட்டு இளசாக இருக்கிறது என்று. அந்த நேரத்தில் நான் அத்தையின் தோளுக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தேன். என்னுடைய பங்கு என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது.

உள்ளே ஜமுக்காளத்தின்மேல் வரிசை வரிசையாகச் சீர்த்தட்டுகள், ஒவ்வொன்றும் கலர்த் தாள் போர்த்திக் கட்டப்பட்டு. வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டு, முந்திரி, கற்கண்டு மலை. கடைசியில் ஒரே ஒரு தட்டு மட்டும் தாள் இல்லாமல், அதில் இரண்டே இரண்டு வாழைப்பழம்.

அக்காவை ஓரமாக இழுத்தேன். "வெள்ளி விளக்கு வைக்கிற வீட்ல ரெண்டு பழத்தையும் ஒரு சீர்னு வச்சிருக்காக. எனக்கே கூச்சமா இருக்குக்கா."

அக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆறு வருட வேலையில் இரண்டாவது தடவை.

"அத்தை, சீர்த்தட்டு எப்பவும் ஒத்தப்படையிலதான வைப்போம்?"

"பின்ன? ரெட்டப்படையில வச்சா வெளங்குமா?"

"வீட்லருந்து எண்ணித்தான கெளம்புனீக?"

"முப்பத்தொன்னு. மாப்பிள்ள வீட்டாளுகளும் எண்ணித்தான் உள்ள விட்டாக."

"அப்ப இந்தப் பழத்தட்டு எதுக்கு? ஒரு தட்டு புதுசா வந்து சேந்து ரெட்டப்படை ஆயிருச்சு. அதச் சரிக்கட்டத்தான அவசரமா ரெண்டு பழத்தப் போட்டு இன்னொன்னு வச்சீக?"

மலையம்மாளின் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. அக்கா விடவில்லை. "எல்லாரும் உங்ககிட்ட காரப் பாத்தீகளான்னு கேட்டாக. நான் கேக்கேன், மயிலப் பாத்தீகளா?"

அத்தை ராஜகுருவையும் அவருக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டுச் சனத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சீர் தரையில் கிடந்தது என்று அத்தனை பேர் முன்னாலும் எந்தப் பெண் வீட்டு அத்தை ஒப்புக்கொள்வார்? உதட்டை இறுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். "தாலி ஏறாம ஒரு தட்டையும் பிரிக்க விடமாட்டேன். எங்க மரியாதை என்னாகுறது."

ராஜகுருவே இதற்குத் தலையாட்டினார். சீரைப் பாதியில் பிரிப்பது அவர்கள் வீட்டிலும் வழக்கமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரோஷன் பார்க்கவே பயந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"பிரிக்க வேணாம்" என்றார் அக்கா. "தட்டு தானா வெளிய வரட்டும். அண்ணே, அந்த ரிமோட்டக் குடுங்க. கார யாரும் அணைக்கல. தூங்குன கன்ட்ரோலர் இந்நேரம் ஆறியிருக்கும்."

ராஜகுரு அரை மனதாக ரிமோட்டை உருவிக் கொடுத்தார். அக்கா அதை ரோஷனின் கையில் வைத்தார்.

"முட்டையப் புடிக்கிற மாதிரி" என்றார் அக்கா.

"முட்டையே வேணாம்க்கா, கோழி முட்டையிடப் போறத நெனைச்சாப் போதும்" என்றான் அவன். பரவாயில்லை, பையனுக்கு உயிர் வந்துவிட்டது.

தொட்டான். இரண்டாவது வரிசையில் மஞ்சள் தாள் போர்த்திய ஒரு தட்டு 'உர்ர்' என்றது. தாளுக்குள் மயில் தலையை ஆட்டியது. இன்னும் ஒரு தொடல். மயில் தட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, முக்காடு போட்ட மாதிரி மஞ்சள் தாளோடு எழும்பி, கற்கண்டு மலையைச் சரித்து, மலையம்மாளின் கால்களுக்கு நடுவே புகுந்து நடைக்கு வந்துவிட்டது.

அத்தை "முருகா" என்று நாற்காலிமேல் ஏறினார். அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஏறுவார் என்று நாற்காலியே எதிர்பார்க்கவில்லை. மயில் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது, சாம்பார் வாளியோடு வந்தவர் ஒற்றைக் காலில் நின்று வழிவிட்டார், நான் குறுக்கே விழுந்தேன், அது என்மேல் ஏறி இறங்கியது, கடைசியில் பாபு பட்டு வேட்டியோடு தரையில் படுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான்.

வெல்வெட் டப்பாவை ராஜகுருதான் திறந்தார். மோதிரம் அப்படியே இருந்தது. மனுஷன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரோஷன் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"மயில்னுதான எடுத்து வச்சேன்" என்றார் மலையம்மாள், நாற்காலியின் உச்சியிலிருந்து. "உள்ள தட்டு அடுக்கிட்டு வெளிய வந்தா மயிலு கெடந்துச்சு, யாரோ நம்மாளுக சீரக் கீழ வச்சுட்டுப் போயிட்டாகன்னு நெனைச்சேன். பூவுக்குள்ள காரு இருக்கும்னு யாருக்குத் தெரியும்."

இத்தோடு கதை முடிந்தது என்று நான் பந்திப் பக்கம் நகர்ந்தேன். ராஜகுரு முடிய விடவில்லை. "அந்த மோட்டார மாட்டுனது யாரு? அவன்தான் திருடன். அவனக் காட்டாம மேளம் அடிக்காது."

ரோஷன் காரைத் திருப்பினான். பூவை விலக்கியதும் நீல நிறத்தில் ஒரு புது மோட்டார் மின்னியது. "பதினோரு சுத்து" என்றான் பயபக்தியாக. "நான் கையில தொட்டதுகூட இல்ல. ஸ்க்ரூவுல பாருங்க, நெயில் பாலிஷ். ஸ்க்ரூ லூசாகாம இருக்கப் பாபுதான் இப்படித் தடவுவான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கூட்டம் மொத்தமும் மாப்பிள்ளையைப் பார்த்தது.

"என்கிட்ட இருக்கது ரோஸ் கலர் பாட்டில், மாமா" என்றான் பாபு பரிதாபமாக. "இது அரக்கு."

"அண்ணே" என்றார் அக்கா. "திருட நெனைக்கிறவன் ஒரு நிமிசத்துல தூங்கிப்போற கார அனுப்ப மாட்டான். விவரம் தெரிஞ்சவன் இந்தக் கன்ட்ரோலருக்கு இந்த மோட்டார மாட்ட மாட்டான், அதனால ரோஷனும் இல்ல, பாபுவும் இல்ல. இது விவரம் தெரியாம, ஆனா ஆசையா மாட்டுனது. யாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

"ஏன் சொல்ல மாட்டீக?"

"என்னையக் கூப்புட்டவங்க பேர நான் வெளிய சொல்றதில்ல."

மணமகள் அறைக் கதவு திறந்தது. கூறைப் புடவை, பாதி வைத்த பூ, பின்னாலேயே சீப்பும் கையுமாக அலங்காரம் பண்ணுகிற பெண். தலையை ஆட்டாதே என்று போனில் அதட்டிய குரல் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அலர்மேல்மங்கையின் நகமெல்லாம் அரக்குச் சாயம். வலது கட்டைவிரல் நகம் மட்டும் ஸ்க்ரூ திருகியதில் உடைந்திருந்தது.

"நான்தான் மாமா" என்றாள் ராஜகுருவிடம். "இவுக ஞாயித்துக்கிழமை ரேசுல எப்பவும் கடைசியாத்தான் வருவாக. சிங்கப்பூர்ல இருக்க சித்தி மகன்கிட்டச் சொல்லி இருக்கதுலயே வேகமான மோட்டார வாங்கிட்டு வரச் சொன்னேன். கல்யாணப் பரிசு. மயிலு ஜம்முன்னு வந்து நிக்கட்டும்னு, காலைல பூ ஜோடிக்க என் ரூமுல கார வச்சிருந்தப்ப நானே மாட்டுனேன். கன்ட்ரோலர்னு ஒன்னு இருக்கதே எனக்குத் தெரியாது. பெறகு பயந்துட்டேன். சொன்னா கல்யாணம் நின்னுரும், சொல்லலைன்னா ரோஷன் அண்ணன் ஜெயிலுக்குப் போயிரும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கல்யாணம் நின்னாலும் பரவால்ல. அண்ணன விட்ருங்க."

ராஜகுருவின் முகத்தில் என்ன ஓடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேளக்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

அந்த நேரத்தில் ரோஷன் மேடைப் பக்கம் ஓடினான். அன்பளிப்புக் குவியலைக் கலைத்து ஒரு சின்னப் பார்சலோடு திரும்பி வந்து பாபுவின் கையில் திணித்தான். "மாப்ள, பிரி. இப்பவே பிரி."

உள்ளே பளபளவென்று ஒரு ஸ்பீடு கன்ட்ரோலர்.

"ஒரு வருசமா வேகமான மோட்டார் வேணும்னு என் உசுர வாங்குனேல்ல. கன்ட்ரோலர் தாங்காதுடான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அதான் மொதல்ல கன்ட்ரோலர வாங்குனேன், என் கல்யாணப் பரிசா. இதுக்கு வரம்பே கெடையாது. எந்த மோட்டாரையும் தாங்கும். மோட்டார் வாங்கத்தான் எனக்குக் கட்டுப்படியாகல."

பாபு ஒரு கையில் கன்ட்ரோலரையும் மறு கையில் மயிலையும் வைத்துக்கொண்டு பெண்டாட்டியாகப் போகிறவளைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. சாம்பார் வாளியின் ஆவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜகுரு நெருங்கி வந்து இரண்டையும் குனிந்து பார்த்தார். "இது ரெண்டும் ஒன்னுக்கொன்னு சேருமாப்பா?"

"சொல்லி வச்சுச் செஞ்ச மாதிரி சேரும், மாமா" என்றான் பாபு.

அவர் வெல்வெட் டப்பாவை எடுத்து ரோஷனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தன் கையால் மூடினார். "நான் பேசுனத மனசுல வச்சுக்காதப்பா. மேடைக்கு நீயே கொண்டு போ. நடந்து போ. மயிலெல்லாம் வேணாம்."

மேளம் எடுத்தது. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது, அதில் ஒன்றை மங்கையின் பூவைச் சரிசெய்யவே அந்த அலங்காரப் பெண் எடுத்துக்கொண்டாள்.

நான் பந்தியை நோக்கி நகர்ந்தபோது யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மலையம்மாள். கையில் அந்தப் பழத்தட்டு.

"மயிலு போயிருச்சு. இப்பத் தட்டு மறுபடி ரெட்டப்படையா நிக்கிது" என்றார் கண்டிப்பாக. "தாலி ஏறப் போகுது. இந்த ரெண்டையும் சீக்கிரம் தின்னு முடிய்யா."